புத்தாக்கம்: எண்ணில் ஏறுவதும் எண்ணுக்குத் தப்புவதும்

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2010-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2006 முதல் 2008 வரையிலான மூன்று ஆண்டுகளில், அந்நாட்டு நிறுவனங்களில் ஏறத்தாழ 9 சதவீதம் மட்டுமே புதிய அல்லது கணிசமாக மேம்பட்ட பொருளையோ சேவையையோ சந்தைக்குக் கொண்டுவந்திருந்தன. சிலிக்கான் பள்ளத்தாக்கைத் தன்னிடம் வைத்திருக்கும் நாட்டின் கணக்கு இது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-உடன் முடிந்த மூன்று ஆண்டுகளுக்கு எடுத்த கணக்கெடுப்பிலோ, நிறுவனங்களில் சரிபாதி புத்தாக்கத்தில் ஈடுபட்டவை. எஸ்தோனியாவில் 73 சதவீதம், ஜெர்மனியில் 68, ருமேனியாவில் 15. இந்திய உற்பத்தித் துறையில் 2021-22-இல் நடந்த தேசியப் புத்தாக்கக் கணக்கெடுப்பு நான்கில் ஒரு நிறுவனம் என்றது. தெலங்கானா, கர்நாடகா, தமிழ்நாடு ஆகியவை அதில் முன்வரிசையில் இருந்தன.

இந்த எண்களை அடுக்கிவைத்து, எஸ்தோனியர்கள் ஜெர்மானியர்களைவிடப் புதுமை விரும்பிகள், அமெரிக்கர்கள் பழைய பாதையை விடாதவர்கள் என்று யாராவது முடிவுகட்டினால் சிரிப்போம். ஆனால் இதே வகை எண்களிலிருந்துதான் தரவரிசைகள் தயாராகின்றன, தலைப்புச் செய்திகள் பிறக்கின்றன, நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் பெருமைப் பத்திகள் எழுகின்றன. எண்களில் பொய் ஏதுமில்லை. ஒவ்வொன்றும் ஒரு வரையறைக்குக் கட்டுப்பட்டு வந்தது. அந்த வரையறையைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

அமெரிக்க எண்ணையே பார்ப்போம். அது பொருளையும் சேவையையும் மட்டும் எண்ணியது; ஐரோப்பிய எண்ணில் உற்பத்தி முறை, நிர்வாக முறை மாற்றங்களும் சேர்ந்தவை. அமெரிக்கர்கள் 5 பேர் வேலை செய்யும் நிறுவனங்களையும் கணக்கில் எடுத்தார்கள். ஐரோப்பியர்கள் 10 பேரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இன்னொரு காரணம் இவற்றைவிடச் சுவையானது. அமெரிக்காவில் இந்தக் கேள்வி, ஆராய்ச்சிச் செலவு பற்றிய நீண்ட படிவத்தின் ஒரு பகுதியாகக் கேட்கப்பட்டது. ஆராய்ச்சிக்கூடமே இல்லாத நிறுவனத்தில் படிவத்தை நிரப்பும் கணக்காளர், “இது நமக்கானது இல்லை” என்று பக்கத்தைப் புரட்டிவிட வாய்ப்பு அதிகம். ஆராய்ச்சி செய்யும் நிறுவனங்களில் மூன்றில் இரண்டு புதிய பொருள் கொண்டுவந்ததாகவும், செய்யாதவற்றில் வெறும் 7 சதவீதமே கொண்டுவந்ததாகவும் அதே கணக்கு சொல்கிறது. இந்த இடைவெளியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு படிவத்தின் வேலை என்று பிரித்தெடுப்பது எளிதல்ல.

புத்தாக்கத்தைப் பொருளியலின் நடுக்கூடத்துக்கு அழைத்துவந்தவர் ஆஸ்திரியப் பொருளியலர் ஜோசஃப் ஷூம்பீட்டர். 1911-இல் வெளிவந்த பொருளாதார வளர்ச்சி பற்றிய நூலில் அவர் ஐந்து வகைகளைச் சொன்னார்: புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய ஊற்று, தொழிலை அமைக்கும் புதிய விதம். கண்டுபிடிப்பு வேறு, அதைத் தொழிலில் நடைமுறையாக்குவது வேறு என்பதில் அவர் கறாராக இருந்தார். அவர் பட்டியலில் இரண்டுதான் தொழில்நுட்பத்தைத் தொடுகின்றன. மற்ற மூன்றும் வியாபாரியின் மூளையில் உதிப்பவை. பின்வந்த அளவீட்டாளர்கள் அந்த மூன்றையும் நெடுங்காலம் ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். அவற்றை எண்ணும் வழி தெரியாததுதான் காரணம்.

அளந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி 1950-களில் வந்தது. 1909-க்கும் 1949-க்கும் இடையே அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் இரண்டு மடங்கானதை ஆராய்ந்த பொருளியலர் ராபர்ட் சோலோ, 1957-இல் ஒரு முடிவுக்கு வந்தார்: அந்த உயர்வில் எட்டில் ஒரு பங்கைத்தான் கூடுதல் மூலதனத்தால் விளக்க முடிகிறது. எஞ்சிய எட்டில் ஏழு பங்கைத் தொழில்நுட்ப மாற்றம் என்ற கணக்கில் எழுதினார். அது நேரடியாக அளந்து கிடைத்த எண் அல்ல, கழித்துப் பார்த்து மீந்த எண். இப்படி மீந்து நிற்பதை நமது அறியாமையின் அளவு என்று இன்னொரு பொருளியலர் மோசஸ் அப்ரமோவிட்ஸ் ஓராண்டு முன்பே சொல்லியிருந்தார். வளர்ச்சியின் பெரும்பகுதிக்கு அறியாமை என்று பெயர் சூட்டிவிட்டு அரசுகள் சும்மா இருக்க முடியாது. 1963-இல் ரோம் நகருக்கு அருகே ஃபிரஸ்காட்டி என்ற ஊரில், பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி-யின் நிபுணர்கள் கூடி, ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவைக் கணக்கிடும் கையேட்டை உருவாக்கினார்கள். அதை வரைந்தவர் பிரிட்டனின் கிறிஸ்டோஃபர் ஃப்ரீமன். எதை ஆராய்ச்சி என்பது, எதை வழக்கமான சோதனை என்பது, எத்தனை பேர், எவ்வளவு சம்பளம் என்று எல்லாம் ஒழுங்காயிற்று. இன்று ஒரு நாடு உள்நாட்டு உற்பத்தியில் இத்தனை சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்று நாம் படிக்கும் ஒவ்வொரு எண்ணும் அந்தக் கையேட்டின் வழிவந்தது.

ஆனால் செலவு என்பது உள்ளே போவது. வெளியே என்ன வந்தது என்று அது சொல்லாது.

சரக்குக் கன்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபரின் ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல், 58 பெட்டிகளைச் சுமந்துகொண்டு நியூயார்க் அருகிலுள்ள நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஆட்கள் ஏற்றினால் டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன காலம் அது. பெட்டியாக ஏற்றியதில் 16 சென்ட்டுக்கும் குறைவாக ஆனது. இதில் பொறியியல் வேலை இல்லாமல் இல்லை. பெட்டியின் மூலைகளை வலுப்படுத்துவதும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவதும் சிரமப்பட்டுத் தீர்த்த சிக்கல்கள்தாம். என்றாலும் உலக வணிகத்தைப் புரட்டிப்போட்டது அந்த இரும்புப் பெட்டி மட்டுமல்ல. லாரியும் ரயிலும் கப்பலும் ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்டதும், துறைமுகங்கள் இடம் மாறியதும், கப்பல்துறைத் தொழிலாளர் ஒப்பந்தங்கள் புதிதாக எழுதப்பட்டதும்தான். இருபதாம் நூற்றாண்டின் ஆகப்பெரிய வணிகப் புத்தாக்கங்களில் ஒன்றான இது, ஃபிரஸ்காட்டி கையேட்டின்படி எழுதிய கணக்குப் புத்தகத்தில் சில வரிகளுக்குமேல் இடம் பிடிக்காது.

காப்புரிமையை எண்ணுவது அடுத்த வழி. எண்ணுவதற்கு இதைப்போல வசதியானது வேறில்லை: தேதி இருக்கும், பெயர் இருக்கும், அரசு முத்திரை இருக்கும். தொல்லை என்னவென்றால், பெரும்பாலான காப்புரிமைகள் பணமாக எதையும் ஈட்டுவதில்லை; ஒரு சிலவே மொத்த மதிப்பையும் தாங்கி நிற்கின்றன. அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கூடங்களிடம் 1994-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டபோது, புத்தாக்கத்தின் லாபத்தைக் காக்கக் காப்புரிமையைவிட ரகசியம் காப்பதும் போட்டியாளரை முந்திக்கொள்வதுமே உதவுகின்றன என்ற பதில்தான் மேலோங்கி வந்தது. காப்புரிமை மிகுந்த நிறுவனம் கவிழ்ந்துபோகவும் கூடும். கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் 1975-இலேயே டிஜிட்டல் கேமராவைச் செய்துகாட்டினார். நிறுவனம் டிஜிட்டல் கேமராக்களை விற்கவும் செய்தது. 2005-இல் அமெரிக்கச் சந்தையில் முதலிடத்தில்கூட இருந்தது. ஆனால் ஃபிலிம் தந்த லாபத்தைக் கேமரா தரவில்லை. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கோரியபோது கையில் 1,100-க்கும் மேற்பட்ட டிஜிட்டல் படக் காப்புரிமைகள் இருந்தன. அவை 220 கோடி டாலருக்கு மேல் பெறும் என்று மதிப்பீட்டாளர்கள் கணித்தார்கள். ஆண்டு முடிவில் சுமார் 52.5 கோடி டாலருக்குத்தான் போயின.

எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் எண்ணிக்கை பெருகும். சீனாவில் மாகாண, நகர அரசுகள் காப்புரிமை விண்ணப்பத்துக்கு மானியம் கொடுத்தன. 2018-இல் அங்கே கண்டுபிடிப்புக் காப்புரிமை விண்ணப்பங்கள் 15 லட்சத்தைத் தாண்டின. தரமில்லாத விண்ணப்பங்கள் குவிந்ததைக் கண்ட சீன அரசே, 2021 தொடக்கத்தில், இந்த மானியங்களை 2025-க்குள் படிப்படியாக நிறுத்தும்படி உத்தரவிட்டது.

செலவும் காப்புரிமையும் போதவில்லை என்பதால் பிறந்ததுதான் ஓஸ்லோ கையேடு. 1992-இல் முதல் பதிப்பு. 1997, 2005, 2018 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்கள். நிறுவனங்களிடமே நேராகப் போய் “கடந்த மூன்று ஆண்டுகளில் புதிதாக என்ன செய்தீர்கள்?” என்று கேட்பது அதன் வழி. இப்போதைய வரையறை இதுதான்: நிறுவனத்தின் முந்தைய பொருளிலிருந்தோ செயல்முறையிலிருந்தோ கணிசமாக வேறுபட்ட, புதிய அல்லது மேம்பட்ட ஒன்று, அது சந்தைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது நிறுவனத்துக்குள் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையில் தூங்கும் யோசனைக்கு இடமில்லை. இந்தக் கடைசி நிபந்தனைதான் கையேட்டின் முதுகெலும்பு என்பது என் எண்ணம்.

பதிப்புக்குப் பதிப்பு வரையறை எப்படி இடம் மாறியது என்பதைக் கடலூரின் ஷாம்பு பாக்கெட்டை வைத்துப் பார்க்கலாம். பாட்டிலில் மட்டும் கிடைத்துவந்த ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டச்செய்ததில் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனுக்கு முக்கியமான பங்கு உண்டு. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு பாக்கெட்டைச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார். பன்னாட்டு நிறுவனங்களும் அந்தச் சந்தையில் பாக்கெட் போட வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தது அதே ஷாம்பு. மாறியது, அன்றாடக் கூலி வாங்குபவர் ஒரு தடவைக்குக் கொடுக்க வேண்டிய காசு. இதை ஓஸ்லோ கையேட்டின் 1997-ஆம் ஆண்டுப் பதிப்பிடம் கேட்டால், தொழில்நுட்பப் புத்தாக்கம் அல்ல என்று தள்ளிவிடும். 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு, பொதியிடுதலில் கணிசமான மாற்றம் என்பதால் சந்தைப்படுத்தல் புத்தாக்கம் என்று ஏற்றுக்கொள்ளும். 2018-இன் பதிப்பில் அந்தப் பிரிவே இல்லை. வணிகச் செயல்முறைப் புத்தாக்கத்துக்குள் சந்தைப்படுத்தலும் விற்பனையும் ஓர் அங்கமாகிவிட்டது. பாக்கெட் கடைவாசலில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்க, அதன் தகுதி இரண்டு முறை மாறிவிட்டது.

இனி, எஸ்தோனியாவின் 73 சதவீதம் போன்ற எண்ணில் எவையெல்லாம் அடங்கக்கூடும் என்ற கேள்விக்கு வரலாம். ஓஸ்லோ வரையறைப்படி அந்த நிறுவனத்துக்குப் புதியது என்றாலே போதும். உலகுக்குப் புதியதாக இருக்கத் தேவையில்லை. வேறெங்கோ பத்தாண்டு பழகிய மென்பொருளை இன்று வாங்கிப் பொருத்தும் கிடங்குக்காரரும், உலகில் முதன்முதலாக ஒரு மருந்தைத் தயாரித்தவரும் ஒரே பெட்டியில் டிக் அடிக்கலாம். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலியில் பாதிதான் உடன்பாடு. ஒரு புதுமையால் நாட்டுக்குக் கிடைக்கும் பலன் அது பிறந்த இடத்தில் தங்கிவிடுவதில்லை, பரவும்போதுதான் பெருகுகிறது. பொருளியலர் ஸ்வி கிரிலிக்கஸ் 1957-இல் அமெரிக்காவின் கலப்பின மக்காச்சோளம் பற்றி எழுதிய ஆய்வு இதற்கு நல்ல சான்று. அயோவா விவசாயிகள் சில ஆண்டுகளிலேயே அதற்கு மாறினார்கள். அலபாமாவில் வெகு தாமதமாயிற்று. தெற்கத்திய மண்ணுக்கு ஏற்ற விதையைத் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது, அதில் விதை நிறுவனங்களுக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. ஓரிடத்தின் புதுமையை இன்னோரிடத்தில் வேரூன்றச் செய்வதும் வேலைதான், அதற்கும் மூளை வேண்டும். ஆகவே எண்ணுவது சரி. ஆனால் எண்ணிய பிறகு சந்தைக்கே புதியது எது, தனக்கு மட்டும் புதியது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஐரோப்பியக் கணக்கெடுப்பு அந்தக் கேள்வியையும் கேட்கத்தான் செய்கிறது. தலைப்புச் செய்திக்கு வருவது மொத்த எண் மட்டும்.

நாடுகளின் கதை இது. ஒரு நிறுவனம் தன்னை எப்படி அளந்துகொள்கிறது? இதில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த 3எம். கடந்த ஐந்து ஆண்டுகளில் அறிமுகமான பொருள்களிலிருந்து மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம் வருகிறது என்பதே அதன் அளவுகோல். இலக்கு நெடுங்காலம் 25 சதவீதமாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள், 30 சதவீதம் என்று இறுக்கினார்கள். இது நல்ல கோல். செலவைப் பார்க்காமல் வாடிக்கையாளர் கொடுத்த பணத்தைப் பார்க்கிறது. ஆராய்ச்சியாளர், விற்பனையாளர், தொழிற்சாலை மேலாளர் மூவரையும் ஒரே எண்ணுக்குப் பொறுப்பாக்குகிறது.

ஆனாலும் பகுதி, தொகுதி கொண்ட எந்தக் கணக்குக்கும் உள்ள சூழ்ச்சி இதற்கும் உண்டு. பழைய பொருள்களின் விற்பனை சரிந்தால், புதியவை ஒரு ரூபாய்கூடக் கூடாமலே சதவீதம் ஏறும். நோயாளி மெலியும்போது தலை பெரிதாகத் தெரிவதுபோல. எது புதியது என்று முடிவு செய்பவர், பெரும்பாலும், அந்த எண்ணால் பதவி உயர்வு பெறக்கூடிய பிரிவுத் தலைவர். நிறத்தை மாற்றி, அளவை மாற்றிப் புதுக் குறியீட்டு எண் கொடுப்பது அவருக்குக் கஷ்டமில்லை. புதிய பொருள் தன் பழைய பொருளின் வாடிக்கையாளரையே இழுத்திருந்தால், நிறுவனத்துக்கு வரவு ஒன்றுமில்லை, ஆனால் அளவுகோல் கைதட்டும். தொழிலுக்குத் தொழில் ஒப்பிடுவதோ அர்த்தமற்றது: ஆண்டுக்கொரு மாடல் இறக்கும் கைபேசி நிறுவனத்துக்கு இந்த எண் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும், சிமென்ட் ஆலைக்குத் தரையில் கிடக்கும்.

காலக் கெடுவின் விளையாட்டை 3எம் நிறுவனத்தின் போஸ்ட்-இட் ஒட்டுச்சீட்டிலேயே காணலாம். ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பசையை அந்நிறுவன ஆராய்ச்சியாளர் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டார். அதற்கு என்ன பயன் என்று அவருடைய சகா ஆர்ட் ஃப்ரைக்கு 1974-இல் தோன்றியது. 1977-இல் சில நகரங்களில் விற்றுப்பார்த்தார்கள், யாரும் சீந்தவில்லை. 1980-இல் அமெரிக்கா முழுவதும் வந்தது. ஐந்தாண்டுக் கோலை இதன்மேல் வைத்துப்பாருங்கள். முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட பூச்சியம். பிறகு ஐந்து ஆண்டுகள் மின்னும். அதற்குப் பின், இன்றுவரை மேசைதோறும் விற்றுக்கொண்டிருந்தாலும், கணக்கில் அது பழைய சரக்கு.

இன்னொரு தாமதமும் உண்டு. 2001-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து வந்து 3எம் தலைமையை ஏற்ற ஜேம்ஸ் மெக்னெர்னி, பிழைகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையை ஆராய்ச்சிக்கூடங்களிலும் புகுத்தினார். செலவு குறைந்தது, லாபம் உயர்ந்தது. 2005-இல் அவர் போயிங் நிறுவனத்துக்குப் போய்விட்டார். விற்பனையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த புதுப்பொருள் பங்கு நான்கில் ஒன்றாக இறங்கிவிட்டது என்பது 2007-இல் பத்திரிகைச் செய்தியாயிற்று. அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆராய்ச்சிக்கூடங்களில் அந்தப் பிடியைத் தளர்த்தினார். மெக்னெர்னியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா என்பது வேறு விவாதம். 2004-இல் வெளிவராத பொருளின் விதை 1998-இலேயே விதைக்கப்படாமலும் போயிருக்கலாம். சொல்ல வருவது, இந்த எண் நிலைமையைச் சொல்லும்போது அதற்குக் காரணமானவர் நாற்காலியில் இருப்பதில்லை என்பதே.

விற்பனைப் பங்கை வைத்துப் பிடிக்கவே முடியாத புத்தாக்கமும் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் நடப்பது உலகெங்கும் நடக்கும் அதே கண்புரை அறுவை சிகிச்சைதான். அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரு மேசைகள். ஒன்றில் அவர் சிகிச்சை செய்யும்போதே அடுத்ததில் நோயாளியைத் தயார்செய்து வைக்கிறார்கள். முடித்ததும் மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். தயார்ப்படுத்தும் வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமப்புறப் பெண்கள் செய்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே தயாரிக்கத் தொடங்கியதும் அதன் விலை பல மடங்கு குறைந்தது. இங்கே புதுப்பொருள் பங்கைக் கேட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இருக்காது. ஒரு மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை சிகிச்சை செய்கிறார், ஒன்றுக்கு என்ன செலவு, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்ற மூன்றும்தான் கேட்கத் தகுந்தவை. அவற்றைக்கூடச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். செலவை மட்டும் கேட்டால் சிகிச்சையின் தரத்தில் கைவைத்தும் அந்த எண்ணைக் குறைத்துவிடலாம்.

என் தீர்ப்பு, எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் பிழிந்து தரவரிசை போடுவது வீண்வேலை. இன்ன தொழிலில், இன்ன முடிவை எடுப்பதற்காக என்று சொல்லாமல் எந்தக் கோலும் நல்லதோ கெட்டதோ அல்ல. சொன்ன பிறகு பார்த்தால், செலவைவிடக் காப்புரிமை ஒரு படி மேல், காப்புரிமையைவிடப் புதுப்பொருளின் விற்பனையோ செயல்முறையின் செலவுக் குறைப்போ பல படிகள் மேல்.

நம் நாட்டில் நடப்பது தலைகீழ். வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவு, அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிக்கூடத்தில் 100 ரூபாய் செலவிட்டால் 200 ரூபாயைக் கழித்துக்கொள்ள இடம் தந்திருந்தது. 2017-இல் அது 150 ஆகவும் 2020-இல் வெறும் 100 ஆகவும் இறங்கியது. ஊக்கம் கொடுத்தபோதும் சரி, எடுத்தபோதும் சரி, சட்டம் பார்த்தது செலவை மட்டுமே. ஆனால் 2013-இன் கம்பெனிகள் சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. 134-ஆம் பிரிவும் அதன்கீழ் 2014-இல் வந்த விதிகளும், இயக்குநர் குழு அறிக்கையில் தொழில்நுட்ப உள்வாங்கலைப் பற்றிச் சொல்லும்படி பணிக்கின்றன. ஆராய்ச்சிச் செலவோடு, அதனால் கிடைத்த பலன்களையும் கேட்கின்றன: பொருள் மேம்பாடா, செலவுக் குறைப்பா, புதுப்பொருளா, இறக்குமதி மாற்றா என்று. பல அறிக்கைகளில் இந்த இடத்தில் விதியின் சொற்களே பதிலாக எழுதப்பட்டிருக்கும்: பொருள் மேம்பட்டது, செலவு குறைந்தது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த ஆண்டு என்பதற்கு ஓர் எண்கூட இருக்காது.

உங்களிடம் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பங்கு இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்போடு வரும் அறிக்கையில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அறிமுகமான பொருள்களிலிருந்து வந்த விற்பனை எவ்வளவு, அதில் பழைய பொருளிடமிருந்து பிடுங்கியது எவ்வளவு, கைவிட்ட முயற்சிகள் எத்தனை என்று எழுதிக் கேளுங்கள். கேட்கும் உரிமை பங்குதாரருக்கு உண்டு.